மூடிய அடுக்குகளில் தமிழின் பெயர்: கொச்சி அச்சு நூல்களை முன்வைத்து

தோப்பும்படிக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், இன்று ஃபோர்ட் கொச்சி என வழங்கும் பகுதியில், பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையாரின் கல்லூரி ஒன்று இருந்தது. 'இறைவனின் தாய்' எனப் பொருள்படும் போர்த்துக்கீசியத் தொடரே அதன் பெயர். 1579ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் அக்கல்லூரியில் அச்சாயிற்று. மார்க்கோசு ஜோர்ஜ் என்பார் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய மறைக்கல்வி நூலை அண்டிரிக் அடிகளார் (என்றீக்கே என்றீக்கசு) தமிழாக்கியிருந்தார். அதற்கு முந்திய ஆண்டு, அக்டோபர் 20ஆம் நாள், அவருடைய பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது. 1580இல் பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் 'கொம்பெசியோனாயரு' மீண்டும் கொச்சியிலேயே வெளிவந்தது. இந்திய எழுத்து வடிவங்களில் அச்சான மிகப் பழைய நூல்கள் எனக் கருதப்படுபவை இவை.

இம்மூன்றனுள் ஒன்றன் மூலப்படியும் கொச்சியில் இல்லை. இந்திய நூலகம் எதிலும் இருப்பதாக அறியப்படவில்லை. கொல்லத்து நூலின் படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. கொச்சியில் அச்சான 1579ஆம் ஆண்டு நூல் பாரிசு சோர்போன் நூலகத்துப் படியின் வழியாகவும், 1580ஆம் ஆண்டு நூல் ஆக்சுபோர்டு பாட்லியன் நூலகத்துப் படியின் வழியாகவும் ஆய்வுலகிற்குத் தெரியவந்தன. 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபின் போர்த்துக்கீசியரின் சமயக் கட்டடங்களுட் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. 1806இல் ஆங்கிலேயர் கோட்டையையும் எஞ்சியிருந்த பேராலயத்தையும் தகர்த்தனர். ஆயினும் இந்நூல்கள் அழிந்தமைக்குப் போரை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. இவை முத்துக்குளித்துறைப் பரதவரிடையே நாள்தோறும் கையாள்வதற்கென அச்சிடப்பட்டவை. கையில் இருந்தவை கடல் ஈரத்திலும் செல்லிலும் இராமபாணப் பூச்சியிலும் தீர்ந்தன. எவரும் படிக்காத தொலைநாட்டு அறைகளிற் பூட்டப்பட்டவை பிழைத்தன.

நூலகவியலார் நெடுங்காலமாக வாதிட்டுவரும் சிக்கல் ஒன்றிற்கு இது மிகத் தெளிவான எடுத்துக்காட்டு எனத் தோன்றும். வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து நூலை எடுத்துப் பார்ப்பதைத் திறந்த அடுக்கு முறை என்பர். கேட்புச் சீட்டு எழுதிக் கொடுத்து, ஊழியர் உள்ளிருந்து கொணரும் நூலைப் பெறுவதை மூடிய அடுக்கு முறை என்பர். முன்னது பயன்பாட்டிற்கும் பின்னது பாதுகாப்பிற்கும் ஏற்றது என்பது பொதுக் கருத்து. கொச்சி நூல்களின் வரலாறு பின்னதற்கே சான்றளிப்பதாகக் கொள்ளலாமா? அவ்வரலாற்றின் மறுபாதியையும் நோக்கினால் அங்ஙனம் கொள்ள இயலாது என்பது என் கருத்து. பூட்டிய அறையில் நூல் பிழைத்தது உண்மை. அதைத் தமிழுலகம் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் காணாதிருந்ததும் உண்மை.

மரபில் ஒரு பூட்டிய அறை

மூடிய அடுக்கு தமிழர்க்குப் புதிதன்று. தில்லைக் கோயிலின் ஓர் அறையில் தேவார ஏடுகள் பூட்டப்பட்டிருந்த செய்தியைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏடுகளை எழுதி வைத்த மூவரும் நேரில் வந்தாலன்றிக் கதவம் திறவாது என்பது தில்லைவாழ் அந்தணர் விதித்த கட்டுப்பாடு. சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகள் புற்று மூடிக் கிடந்தன. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது எஞ்சியவை சிலவே.

இதனை வரலாறாகக் கொள்வதா, புனைவாகக் கொள்வதா என்பது இங்கு நம் வினா அன்று. நூற்காப்பு குறித்து அம்மரபு என்ன கருதியது என்பதே நோக்கத்தக்கது. பூட்டு ஏட்டைக் கள்வரிடமிருந்து காத்தது, செல்லிடமிருந்து காக்கவில்லை. மேலும், பாடல்களின் பண் எந்த ஏட்டிலும் இல்லை. அதனைத் திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியின் வாய்வழியே பெற்றனர் என அப்புராணமே கூறும். வழக்கில் இருந்த ஒன்று, அடைத்து வைத்த ஒன்றன் குறையை நிரப்பியிருக்கிறது. (மூலவர் வாராதபோது அவர்தம் பதிலுருவைக் காட்டிக் கதவைத் திறந்த மன்னனின் உத்தி இன்றைய நூலகர்க்கு நகைப்பூட்டலாம். அவர்கள் பதிலுருவைக் காட்டுவது கதவைத் திறவாமல் இருப்பதற்காக!)

ஓலைச்சுவடி மரபில் பயன்பாடும் பாதுகாப்பும் பகைமுரண்களாக இருந்ததில்லை என்பதையும் கருதவேண்டும். பயிலப்படும் சுவடிக்கு மை தடவுவர்; எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவர்; ஒடிந்த ஏட்டிற்கு மாற்றேடு எழுதிச் சேர்ப்பர். கலைமகள் விழாவன்று ஆண்டுக்கொருமுறையேனும் சுவடிக்கட்டு பரணிலிருந்து இறங்கித் தூசு நீங்கும். எவரும் கேளாத சுவடி படியெடுக்கப்படாமல் மாயும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதுற்ற ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டதைக் கேட்டு உ. வே. சாமிநாதையர் துயருற்றது தமிழறிஞர் அனைவரும் அறிந்த செய்தி. அவ்வாறு செய்தவர்கள் ஏட்டை மதியாதவர்கள் அல்லர், மதித்தமையாலேயே தீயிலிட்டனர். மதிப்பு இருந்தது, படிப்பார் இல்லை.

தாள் இந்நிலையை மாற்றியது. எண்ணெய் ஓலைக்கு மருந்து, தாளுக்கு நஞ்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெருகிய மரக்கூழ்த் தாளோ தன்னுள் இருக்கும் அமிலத்தால் தானே பழுப்பேறி முறிவது. விரல் பட்ட இடம் உதிர்வது. பயன்பாடே அழிவாகும் நிலை இத்தாளோடு வந்தது.

அரங்கநாதன் திறந்த கதவு

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் இங்கிலாந்து சென்று பயின்று மீண்டபின் அந்நூலகத்தில் திறந்த அடுக்கு முறையை நடைமுறைப்படுத்தினார். 1931இல் வெளியான 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் அவருடைய நூலின் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காலத்தை அவர் அங்கு விரிவாக நினைவூட்டுகிறார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்னும் மூன்றாம் விதிக்குத் திறந்த அடுக்கையே தலையாய கருவியாக அவர் கொள்வது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. வாசகர் தாம் அறிந்த நூலைக் கேட்டுப் பெறுவர். அறியாத நூலைக் கேட்க இயலாது. அறியாத நூல் கண்ணில் பட்டாலன்றி அதற்கு வாசகர் இல்லை.

கேரளத்தில் இக்கருத்து நூலக இயக்கமாகவே வேரூன்றியது. 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தன, பி. என். பணிக்கர் அதனை ஊர்தோறும் கொண்டு சென்றார். இங்குள்ள சிற்றூர் வாசகசாலைகளில் அலமாரிக்கும் வாசகர்க்கும் இடையே எவரும் நிற்பதில்லை. நூல்கள் கிழிகின்றன, சில திரும்புவதில்லை, புதியன வாங்கப்படுகின்றன. மறுபதிப்புக் காணும் நூல்களைப் பொறுத்தவரை இதுவே நேரிய முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டத்தின்படி ஒவ்வொரு புதிய நூலின் படியும் சென்னைக் கன்னிமாராப் பொது நூலகத்திற்குச் சேரவேண்டும். காக்கும் கடமை அங்கு உண்டு. தோப்பும்படி வாசகசாலை அதே கடமையைத் தானும் சுமந்து நூலைப் பூட்டி வைத்தால் இழப்பே மிஞ்சும்.

சிக்கல் ஒற்றைப்படிகளில்தான் எழுகிறது. உலகில் ஒரு படியே எஞ்சிய நூலைத் திறந்த அடுக்கில் வைக்க எவரும் கூறார். எனவே அது மூடிய அறைக்குள் செல்கிறது. அந்த நொடியிலிருந்து அதை அடைவதற்கு ஒரே வழி, பட்டியலில் அதற்கு இடப்பட்ட பெயர்.

'மலபார்' என்னும் பெயர்

இங்குதான் சிக்கல் நூலகவியலிலிருந்து மொழியியலுக்கு நகர்கிறது. போர்த்துக்கீசியர் தமிழை 'மலபார் மொழி' என வழங்கினர். அண்டிரிக் அடிகளார் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய தமிழ் இலக்கணத்தின் தலைப்பும் மலபார் மொழியின் இலக்கணம் என்றே அமைந்தது. 1578ஆம் ஆண்டு நூலின் முகப்பு 'மலபார்', 'தமுள்' என்னும் இரு பெயரையும் அடுத்தடுத்துத் தருகிறது. ஒரு பெயர் போதாது என அன்றே உணர்ந்திருந்தனர் போலும். சீகன்பால்கு தரங்கம்பாடியில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஆக்கிய பட்டியல் 'மலபார் நூற்றொகுதி' எனும் பொருள்பட்ட இலத்தீன் பெயர் கொண்டது; அவரே 1716இல் ஆல்லேயில் வெளியிட்ட இலக்கணமோ 'தமுலிக்கா' என்றது. 1779இல் வெளிவந்த பப்ரிசியசு அகராதியும் மலபார்–ஆங்கில அகராதி எனத் தன்னைக் கூறிக்கொண்டு, ஐரோப்பியர் மலபார் என வழங்குவது தமிழையே என்று முகப்பிலேயே விளக்கவேண்டியதாயிற்று. இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களிலும் தமிழர் 'மலபாரிகள்' ஆவர்.

இதற்கிடையில் கொச்சியிலேயே அப்பெயர் வேறு பொருளையும் ஏற்றுக்கொண்டது. கொச்சியின் ஒல்லாந்த ஆளுநர் வான் ரீடு தொகுப்பித்த 'ஓர்த்துசு மலபாரிக்கசு' 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. அதன் முதல் தொகுதியில் 1675ஆம் ஆண்டிட்ட இட்டி அச்சுதன் சான்றுரை மலையாள மொழியில் உள்ளது. இங்கு 'மலபார்' தமிழன்று. முதல் தொகுதி வெளிவந்த மறு ஆண்டு, 1679இல், கொச்சிக்கு வடக்கே அம்பலக்காட்டில் அந்தோம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி மர எழுத்துகளால் அச்சிடப்பட்டது. அது 'தமுலிக்கோ' என்னும் பெயரையே தாங்கியது. ஒரே நிலப்பகுதியில், ஓராண்டு இடைவெளியில், இரு வேறு வழக்குகள் நிலவின. இவ்விரு நூல்களையும் முந்நூறு ஆண்டு கழித்துப் பட்டியலிடும் ஐரோப்பிய ஊழியர் ஒருவர், 'மலபார்' என்னும் சொல்லைக் கண்டதும் தமிழ் என எழுதுவாரா, மலையாளம் என எழுதுவாரா?

திறந்த அடுக்கு இத்தகைய பிழையைப் பொறுத்துக்கொள்ளும். பெயர் தவறினும் நூலை விரித்த கண் எழுத்தை அறிந்துகொள்ளும். மூடிய அடுக்கு பொறுப்பதில்லை. பட்டியலில் தவறிய நூல் உள்ளே இருந்தும் இல்லாததே. கொல்லம், கொச்சி நூல்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியோர் பெரும்பாலும் பவுலினுசு பாதிரியார் முதலானோர் கூற்றையே வழிமொழிந்தனர். நூலைக் கண்ணுற்று எழுதியவர் அரியர். ஆதலின் ஆண்டும் ஊரும் நூற்பெயரும் ஒன்றோடொன்று மயங்கின. ஆர்வர்டு படியை ஆராய்ந்து சூர்காமர், காட்ரெல் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை 1952இல் வெளிவந்தபின்னரே இம்மயக்கம் தெளியத் தொடங்கியது. சேவியர் தனிநாயகம் அடிகள் 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடித் தமிழுலகிற்கு அறிவித்தவை பல. புரோயென்சாவின் அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து உருநேர் பதிப்பாக 1966இல் கோலாலம்பூரில் அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ச. இராசமாணிக்கம் அடிகள், அண்டிரிக் அடிகளாரின் 'புளோசு சாங்தோரும்' என்னும் அடியார் வரலாற்றைத் தூத்துக்குடியில் பதிப்பித்தார். அதற்கும் வத்திக்கான் படியே மூலம். அண்டிரிக் அடிகளாரின் இலக்கணக் கையெழுத்துப் படி இலிசுபன் தேசிய நூலகத்தில் இருந்தது. பெர்மீர் அதை 1982இல் பதிப்பித்தார். ஜீன் ஐன், வை. சு. இராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்தது.

இவற்றைக் கண்டெடுத்தவர்கள் போர்த்துக்கீசியமும் இலத்தீனும் தமிழும் ஒருங்கே அறிந்தோர் என்பது தற்செயலன்று. ஒரு மொழியை மட்டும் அறிந்தவர்க்கு அப்பட்டியல்கள் வாய் திறந்திரா. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட புரோயென்சாவின் அகராதி இன்று மொழிபெயர்ப்பாளர் மேசையில் உருநேர் பதிப்பாகக் கிடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சு வழக்கை அதில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். வத்திக்கான் படி அசையவில்லை. திறந்தநிலையும் காப்பும் இங்கு ஒன்றையொன்று குறைக்கவில்லை. இதனைச் செய்தது நூலகம் அன்று, பதிப்பாசிரியர்.

படியெடுத்தலும் பட்டியலிடுதலும்

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். அவர் இல்லத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் குவிந்திருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது; 1996இல் சென்னையில் ஆய்வு நூலகமாக அது திறக்கப்பட்டது. தொகுப்பு நாட்டை விட்டுச் செல்லவில்லை, நுண்படமே சென்றது. வாசகர் படத்தைக் காண்பர், தாள் அறைக்குள் இருக்கும். குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களும் நாடக அறிக்கைகளும் வேறு எந்த நூலகமும் சேர்க்காதவை. அவற்றின் பெயரை முன்கூட்டியே அறிந்து கேட்போர் எத்தனை பேர்? இத்தகைய தொகுப்பில் மூடிய அடுக்கு தவிர்க்க இயலாதது. ஆனால் பொருளையும் இடத்தையும் அச்சகத்தையும் விளக்கமாகக் கூறும் பட்டியல் இல்லையேல் காத்ததன் பயன் பாதியாகிவிடும்.

பூட்டே காப்பாகாது என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. சொற்பிறப்பியலில் ஆழ்ந்த தாவீது அடிகள் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். மறுபடி உள்ள நூலை மீண்டும் வாங்கினர். இல்லாததை எங்கிருந்தும் பெற இயலவில்லை.

படியெடுத்தல் இன்று எளிதாகிவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலியவற்றில் அரிய நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தே விரிக்கலாம். ஆயினும் பெயர்ச் சிக்கல் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. அமெரிக்க நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை எழுத்துக்கு எழுத்து உரோமன் வரிவடிவில் பெயர்க்கின்றன. 'தம்பிரான்' என்பதில் மெல்லினத்தை அடுத்த பகரம் ஒலிப்புடையது. பட்டியலிலோ ஒலிப்பிலா எழுத்தே இருக்கும். காதால் கேட்டபடி தேடுபவர்க்கு நூல் இல்லை என்றே விடை வரும். முற்கால அச்சில் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. 'கொம்பெசியோனாயரு' என நான் மேலே எழுதியதே ஒரு வாசிப்பு முடிபு. பட்டியலிடுபவர் முகப்பைப் பார்த்து எழுதுவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் ஒலியனியல் தீர்ப்பு வழங்குகிறார். இப்பணியை இன்றும் நம் துறையினர் எழுத்தர் வேலை எனக் கருதி ஒதுங்குவது எனக்கு உடன்பாடன்று.

மூடிய நூலகங்கள் இன்னொன்றையும் வாசகர்க்குத் தரலாம். அடுக்கில் நூல்கள் நிற்கும் வரிசையிலேயே அமைந்த பட்டியல் ஒன்று ஒவ்வொரு நூலகத்திலும் உண்டு. இருப்புச் சரிபார்ப்புக்கென அதனை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்கின்றனர். அதை வாசகர் புரட்ட விட்டால், நூலைத் தொடாமலே அதன் அண்டை நூல்களைக் காணலாம். இதற்குச் செலவில்லை, வழக்கமில்லை என்பதே தடை.

அண்டை நூல் எவ்வளவு முக்கியம் என்பதை ஒருமுறை நேரில் அறிந்தேன். புரோயென்சா அகராதியின் 1966ஆம் ஆண்டுப் பதிப்பைத் தேடிப் பெரிய நூலகம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். பட்டியல் அட்டை இருந்தது. கேட்புச் சீட்டு இரண்டு நாளும் 'இருப்பில் இல்லை' என்னும் குறிப்போடு திரும்பியது. மூன்றாம் நாள் வயது முதிர்ந்த உதவியாளர் ஒருவர், "உள்ளே வந்து நீங்களே பாருங்கள், சார்" என்று அழைத்துச் சென்றார். தூயி வகைப்பாட்டில் தமிழ் மொழிக்கு 494.811, மலையாளத்திற்கு 494.812, இறுதி இலக்கம் ஒன்றே வேறுபாடு. அகராதி மலையாள வரிசையில் நின்றது. கட்டு மாற்றியபோது முதுகிலிருந்த தலைப்பு மறைந்து, அம்பலக்காடு என்னும் ஊர்ப்பெயரை நம்பி எவரோ எண்ணை எழுதியிருந்தார். அதனருகே தென்கேரளத் தமிழ் வழக்குச் சொற்களைத் தொகுத்த மெல்லிய வெளியீடு ஒன்றும் இருந்தது. அப்படியொன்று உண்டென்றே நான் அறிந்ததில்லை. பின்னர் என் ஆய்விற்கு அகராதியைவிட அதுவே மிகுதியும் பயன்பட்டது.

பிழையைக் குறித்து நூலகர்க்கு எழுதிக் கொடுத்தேன். அவரும் நன்றி கூறினார். இரண்டாண்டு கழித்து மீண்டும் சென்றபோது அட்டையும் முதுகுச் சீட்டும் 494.811 எனத் திருத்தப்பட்டிருந்தன. சீட்டெழுதிக் கொடுத்தேன், 'இருப்பில் இல்லை' என்று வந்தது. நூலை எவரும் இடம் மாற்றவில்லை. என்னை உள்ளே அழைத்துச் சென்றவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்.